தலைக்கு எவ்வளவு காற்று

1991 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனார்கள். கதவு காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் உள்ளேயே விளைவித்துச் சாப்பிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றையும் தண்ணீரையுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அதுதான் திட்டம். கட்டடத்துக்குப் பெயர் பயோஸ்பியர் 2. பரப்பு 3.14 ஏக்கர். அதற்குள் ஒரு மழைக்காடு, ஒரு புல்வெளி, ஒரு பாலை, ஒரு சதுப்புநிலம், பவளப்பாறையோடு ஒரு சின்னக் கடல், அரை ஏக்கர் வயல். அடைபட்ட காற்று சுமார் 2 லட்சம் கன மீட்டர். 1984 முதல் 1991 வரை வடிவமைக்கவும் கட்டவும் ஆன செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். டெக்சாஸ் செல்வந்தர் எட் பாஸ் பணம் கொடுத்தார்.

மனிதர்கள் செவ்வாயில் குடியேறப் பார்ப்பதா, பூமியைப் பேணுவதா என்ற விவாதம் வரும்போதெல்லாம் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். 'இன்னொரு பூமி'யை இத்தனை பெரிய அளவில் பணம் கொட்டிக் கட்டிப்பார்த்த இடம் வேறு இல்லை. அதுவும் எவ்வளவு சாதகமான இடத்தில்! ஈர்ப்பு விசை பூமியுடையது. வெயில் பூமியுடையது. சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றழுத்தம். உள்ளே போன சில நாளிலேயே ஒருவருக்கு விரலில் காயம் பட்டது. வெளியே அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சை செய்து திரும்ப உள்ளே அனுப்ப முடிந்தது. செவ்வாயில் இந்த நான்கு வசதிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

செலவைப் பங்கிட்டுப் பார்ப்போம். 20 கோடி டாலரை 8 பேருக்கும் 730 நாளுக்கும் வகுத்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 34,247 டாலர். இந்தக் கட்டுரை முழுக்க ஒரு டாலரை 85 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் 29 லட்சம் ரூபாய். கட்டடம் இரண்டே ஆண்டில் இடிந்துவிடவில்லையே, இன்றும் நிற்கிறதே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. சரி, 30 ஆண்டு ஆயுளுக்குப் பரப்பிப் பார்ப்போம். அப்போதும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,280 டாலர். 1 லட்சத்து 94 ஆயிரம் ரூபாய். இதில் ஆண்டுதோறும் ஆன நடப்புச் செலவு சேரவில்லை. எரிசக்திக்கு மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் அளவில் ஆனது.

இவ்வளவு கொடுத்தும் பேரேட்டில் ஏறியவை இவை:

காற்றில் ஆக்சிஜன்: நுழைந்த நாளில் 20.9 சதவீதம், 16 மாதம் கழித்து 14.5 சதவீதம்.
உணவு: தேவையில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல் உள்ளே விளைந்தது.
உடல் எடை: சராசரியாக 16 சதவீதம் இறங்கியது.
முதுகெலும்புள்ள விலங்குகள்: விடப்பட்டவை 25 இனங்கள், அழிந்தவை 19.
மகரந்தம் பரப்பும் பூச்சிகள்: ஒன்றும் மிஞ்சவில்லை.
எறும்பும் கரப்பானும்: பெருகின.

அந்த அரை ஏக்கரில் வாழை, பப்பாளி, சர்க்கரைவள்ளி, பீட்ரூட், நிலக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, நெல், கோதுமை எல்லாம் போட்டார்கள். எட்டுப் பேரும் கடுமையாக உழைத்தார்கள். அவர்கள் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு குளிர்காலங்களும் எல் நினோவால் வழக்கத்தைவிட மேகமூட்டமாக இருந்தன; வெளிச்சம் குறைந்தது, விளைச்சலும் குறைந்தது. பூமியில் ஒரு வட்டாரத்தில் விளைச்சல் பொய்த்தால் இன்னொரு வட்டாரத்து நெல் லாரியில் வரும். அங்கே இன்னொரு வட்டாரம் இல்லை.

ஆக்சிஜன் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. 14.5 சதவீதம் என்பது 4,000 மீட்டர் உயர மலையில் கிடைக்கும் மூச்சு. உள்ளே இருந்தவர்கள் களைத்துப்போனார்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டு விழித்தார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொண்டுவந்து செலுத்த வேண்டியதாயிற்று. ஆக்சிஜன் எங்கே போனது? வயல் நன்றாக விளைய வேண்டும் என்று மண்ணில் நிறைய மக்கு உரம் சேர்த்திருந்தார்கள். அதைத் தின்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளியிட்டன. அதுவரை புரிகிறது. ஆனால் எத்தனை ஆக்சிஜன் குறைந்ததோ அத்தனைக்கு ஈடாகக் கரியமில வாயு கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. பற்றில் ஏறிய தொகை வரவில் காணவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாலஸ் புரோக்கரும் அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஜெஃப் செவரிங்ஹாஸும். வாயு கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள் போயிருந்தது. பூசப்படாத கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிட்டது. வாயு சுவருக்குள் உறைந்துவிட்டதால் செடிகளால் அதை எடுத்து ஆக்சிஜனாகத் திருப்பித் தர முடியவில்லை. இருபது கோடி டாலர் செலவழித்து, மழைக்காட்டில் எந்த மரம், கடலில் எந்த மீன் என்று பட்டியல் போட்டவர்கள் சுவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை எனக்கு. உயிர் வாழ என்னென்ன வேண்டும் என்ற முழுப் பட்டியல் இன்றைக்கும் யார் கையிலும் இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

பூமி ஏன் இப்படித் தடுமாறுவதில்லை? இங்கேயும் மண்ணில் நுண்ணுயிர் மூச்சு விடுகிறது, இங்கேயும் கான்கிரீட் இருக்கிறது. விடை கையிருப்பில் இருக்கிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்றின் மொத்த எடை சுமார் 5,100 லட்சம் கோடி டன். 820 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 லட்சம் டன்னுக்கு மேல். பயோஸ்பியர் 2இல் எட்டுப் பேருக்கு இருந்தது சுமார் 200 டன் காற்று. தலைக்கு 25 டன். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் காற்றடைத்த இடம் சுமார் 1,000 கன மீட்டர். வழக்கமாக இருக்கும் ஏழு பேருக்கும் பிரித்தால் தலைக்கு 170 கிலோ. டன்னிலிருந்து கிலோவுக்கு இறங்கிவிட்டோம். இந்த எண்கள் குறையக் குறைய, தவற்றைத் திருத்தக் கிடைக்கும் அவகாசமும் குறைகிறது. பூமியின் ஆக்சிஜன் இருப்பு 1,200 லட்சம் கோடி டன். ஒரு மனிதர் நாளொன்றுக்கு மூச்சில் இழுத்துச் செலவாக்குவது 840 கிராம். உலக மக்கள் அனைவரும் ஆண்டுக்கு 250 கோடி டன். தாவரங்கள் ஒரு கிராம்கூடத் திருப்பித் தராவிட்டாலும் மனிதர்களின் மூச்சுக்கு மட்டும் இந்த இருப்பு நாலே முக்கால் லட்சம் ஆண்டுக்குக் காணும்.

ஆனால் இதே காற்றில் ஒரு சிறு இருப்பும் இருக்கிறது. தலைக்கு 6 லட்சம் டன் காற்றில் கரியமில வாயு 400 டன் மட்டுமே. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த விகிதத்தில், இன்றைய மக்கள்தொகைக்கே பிரித்தால், அது 270 டன்னுக்கும் குறைவு. இந்த 400 டன் கணக்கில், நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு நாலரை டன்னுக்கு மேல் சேர்க்கிறோம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்குகிறது. ஆறு லட்சம் டன்னை நம்மால் அசைக்க முடியாது, நானூறு டன்னை அசைத்துவிட்டோம். அரிசோனாவின் கண்ணாடிச் சுவருக்குள் நடந்த கதை பூமியிலும் நடக்கக்கூடிய இடம் இதுதான்.

இனி செவ்வாய்க்குப் போவோம். அங்கே காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம்முடையது 1,013. அந்த மெல்லிய காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு; ஆக்சிஜன் 0.2 சதவீதம்கூட இல்லை. சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிக்கு மேல். காற்றழுத்தம் ஏறக்குறைய இல்லாத இடத்தில் வீடு கட்டி உள்ளே பூமியின் அழுத்தத்தை வைத்தால், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்ளிருந்து 10 டன் விசை வெளியே தள்ளும். பயோஸ்பியர் 2இன் கண்ணாடிக்கு அந்தச் சோதனை வரவில்லை.

செவ்வாயில் மூச்சுக்காற்று தயாரிக்க முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை, பாராட்ட வேண்டிய உண்மையும்கூட. 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்று ஒரு கருவி இருந்தது. எடை 17 கிலோ, மின்தேவை 300 வாட். அங்குள்ள கரியமில வாயுவைப் பிளந்து 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்ட் வரை 16 தடவை ஆக்சிஜன் தயாரித்தது. மொத்தம் கிடைத்தது 122 கிராம். ஒரு மனிதருக்கு மூன்றரை மணி நேர மூச்சு. அதிகபட்ச வேகத்தில் மணிக்கு 12 கிராம் வந்தது. ஒருவருக்குத் தேவை மணிக்கு 35 கிராம். ஆகவே ஒருவருக்கு இதுபோல் மூன்று கருவிகள், இரவு பகல் நிற்காமல், 900 வாட் மின்சாரத்தில் ஓட வேண்டும். பத்து லட்சம் பேருக்கு 900 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். பெரிய ஆலை இந்தச் சோதனைக் கருவியைவிடச் சிக்கனமாக ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதியாகக் குறைந்தாலும், அரை உலையின் மின்சாரம் மூச்சுக்கு மட்டும் போய்விடும். சமையல், வெப்பம், தண்ணீர், பயிர் விளக்கு எல்லாம் அதற்கு மேல்.

பத்து லட்சம் என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் ராக்கெட் நிறுவன அதிபர் ஈலான் மஸ்க் தன் செவ்வாய்த் திட்டத்தை விளக்கியபோது சொன்ன குடித்தொகை அது. அப்போதைய முறையில் ஒருவரைச் செவ்வாய்க்கு அனுப்ப 1,000 கோடி டாலர் ஆகும். அதை 2 லட்சம் டாலருக்குக் கொண்டுவருவதே இலக்கு என்றார். 50,000 மடங்கு குறைப்பு. சரக்குக் கட்டணத்துக்கு அவர் வைத்த இலக்கு டன்னுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர், அதாவது கிலோவுக்கு 140 டாலர். ராக்கெட்டை மீட்டுத் திரும்பப் பறக்கவிட்ட சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விண்வெளி ஓடத்தில் பூமியின் தாழ்வட்டப் பாதைக்கு ஒரு கிலோ அனுப்ப 54,500 டாலர் ஆனது, அவருடைய பால்கன் 9 ராக்கெட்டில் அது 2,720 டாலராக இறங்கியது. 20 மடங்கு. இது பெரிய மாற்றம்.

செவ்வாய்த் தரையில் ஒரு கிலோவை இறக்க இன்றைக்கு ஆகும் செலவு வேறு. பெர்சிவரன்ஸை ஏவ நாசா ஒப்பந்தம் போட்டது 24.3 கோடி டாலருக்கு. இறங்கிய ஊர்தியின் எடை 1,025 கிலோ. கிலோவுக்கு 2 லட்சத்து 37 ஆயிரம் டாலர், ஏவுகூலி மட்டும். ஊர்தியும் ஆய்வும் சேர்ந்த முழுத் திட்டச் செலவு 270 கோடி டாலர். அதை வகுத்தால் கிலோவுக்கு 26 லட்சம் டாலர் வரும். நான் குறைந்த தொகையையே எடுத்துக்கொள்கிறேன்.

விண்வெளி வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உறை, பொட்டலம் உட்பட 1.8 கிலோ உணவு ஒதுக்குகிறார்கள். ஆண்டுக்கு 657 கிலோ. இன்றைய ஏவுகூலியில் இந்த உணவைச் செவ்வாயில் இறக்க 15.6 கோடி டாலர். 1,324 கோடி ரூபாய். இந்தியாவின் மங்கள்யான் விண்கலத் திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு 450 கோடி ரூபாய். ஒரு மனிதரின் ஓராண்டுச் சாப்பாட்டை இறக்கும் பணத்தில் ஏறக்குறைய மூன்று மங்கள்யான்கள் அனுப்பலாம்.

மஸ்க்கின் இலக்கு முழுமையாக நிறைவேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டணம் 1,700 மடங்கு குறைந்து கிலோ 140 டாலருக்கு வந்துவிட்டது. அப்போதும் ஒருவரின் உணவுக்கு ஆண்டுக்கு 92,000 டாலர், 78 லட்சம் ரூபாய், வெறும் சரக்குக் கூலி. உலகில் ஒரு நபருக்கான ஆண்டு உற்பத்தி மதிப்பு 13,000 டாலர் அளவில்தான் இருக்கிறது. அங்கேயே விளைவித்தால் என்ன என்று கேட்கலாம். விளைவித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் அந்த மண்ணில் அரை சதவீதம் அளவுக்குப் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. தைராய்டைக் கெடுக்கும் நஞ்சு அது. கழுவி, மக்கு சேர்த்து, நுண்ணுயிர் வளர்த்து அந்த மண்ணை மண்ணாக்க வேண்டும். அரிசோனாவில் பூமி மண்ணில், பூமி வெயிலில், அரை ஏக்கரில் எட்டுப் பேருக்கு முழு வயிறு நிரம்பவில்லை.

கதிர்வீச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூமியில் இயற்கையாக நம் மேல் படுவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். க்யூரியாசிட்டி ஊர்தியோடு போன கருவி அளந்தது, பயணத்தில் நாளுக்கு 1.8, செவ்வாய்த் தரையில் நாளுக்கு 0.64. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. ஆறு மாதப் பயணத்திலேயே 324 போய்விடுகிறது. மீதி, தரையில் பதினாலு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே குடியேறுகிறவர்கள் மண்ணுக்கு அடியில்தான் வாழ வேண்டியிருக்கும். குழந்தைகளும்தான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம். அந்த ஈர்ப்பில் ஒரு கரு எப்படி வளரும் என்று இதுவரை யாரும் சோதித்ததில்லை. பெரியவர்கள் தாமாக ஒப்புக்கொண்டு போவது ஒன்று. பிறக்கப்போகும் பிள்ளையை அந்தச் சோதனைக்கு உட்படுத்த யாருக்கு உரிமை இருக்கிறது என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் எழுதப்படாத கேள்வி, என்னை மிகவும் வருத்துகிற கேள்வி.

செவ்வாயையே பூமிபோல் மாற்றிவிடலாம் என்ற யோசனைக்கும் கணக்குப் போட்டாயிற்று. புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, துருவப் பனியிலும் மண்ணிலும் எடுக்கக்கூடிய கரியமில வாயு அனைத்தையும் வெளியேற்றினாலும் அழுத்தம் 20 மில்லிபார் அளவுக்குத்தான் ஏறும். பூமியின் அழுத்தத்தில் 2 சதவீதம். வெப்பம் 10 டிகிரிகூட உயராது.

'அப்படியானாலும் ஒரு காப்பீடு வேண்டாமா? பெரிய விண்கல் வந்து விழுந்தால்?' என்று கேட்கிறவர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்து முக்கால்வாசி உயிரினங்கள் அழிந்தன. அது விழுந்த மறுநாள்கூடப் பூமியில் ஆக்சிஜன் இருந்தது, கடல் இருந்தது, காற்றழுத்தம் இருந்தது. நம் மூதாதைப் பாலூட்டிகள் பிழைத்தன. பூமியின் மிகக் கொடிய நாள் செவ்வாயின் நல்ல நாளைவிட வாழத் தகுந்தது. காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்றும் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டிமார்ஃபோஸ் என்னும் சிறுகோளில் மோதி, அது சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்தது. செலவு சுமார் 32 கோடி டாலர். ஆபத்தான சிறுகோள்களைத் தேடும் நியோ சர்வேயர் தொலைநோக்கிக்கு 120 கோடி. இரண்டும் சேர்ந்து ஒரு பெர்சிவரன்ஸ் ஊர்தியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்; காக்கப்படுவது 820 கோடி உயிர்கள்.

பூமியைப் பேணும் பக்கத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். அதற்கும் செலவு உண்டு, சிறு செலவும் அல்ல. முதலில் முடிந்த வேலை ஒன்றின் கணக்கு. 1985இல் அன்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் அளந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுவதை அறிவித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை. வளரும் நாடுகள் குளிர்பதனத்தில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்களைக் கைவிட உதவும் நிதி 1991இல் தொடங்கியது. அதன் மூலம் இதுவரை போன பணம் சுமார் 400 கோடி டாலர். இந்தியாவில் அந்த வாயுவைத் தயாரித்த நான்கு ஆலைகளில் ஒன்று மேட்டூரில் இருந்தது. உற்பத்தியை நிறுத்த நாட்டுக்கு 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2010 வரை கெடு இருந்தும் 2008 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உலகின் பெரும்பகுதிக்கு மேல் ஓசோன் 2040 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022ஆம் ஆண்டு அறிவியல் மதிப்பீடு. அன்டார்டிகாவுக்கு மேல் 2066 வாக்கில். செவ்வாயிலிருந்து அரைக் கிலோ அளவு கல், மண் மாதிரிகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் ஆகும், 2040இல்தான் வந்து சேரும் என்று 2024 ஏப்ரலில் நாசா சொன்னது. இரண்டிலும் தவணை ஒன்று. ஓசோன் வேலையின் விலை மாதிரித் திட்டத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்.

இன்னும் முடியாத வேலை கரியமில வாயு. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்கில், 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க 2030களின் தொடக்கத்தில் தூய எரிசக்திக்கு ஆண்டுக்கு 4.5 லட்சம் கோடி டாலர் முதலீடு வேண்டும். மலைக்க வைக்கும் தொகை. தலைக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 550 டாலர், நாளுக்கு ஒன்றரை டாலர், 128 ரூபாய். ஏழை நாட்டுக் குடும்பத்துக்கு அது பெரும் பாரம், அதை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது. ஆனால் 2024இலேயே இந்த இனத்தில் 2 லட்சம் கோடி டாலர் முதலீடு ஆகிக்கொண்டிருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான தூரம் வந்திருக்கிறோம். 2022இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு உலக அரசுகள் கொடுத்த நேரடி மானியம் பன்னாட்டு நிதியத்தின் கணக்கில் 1.3 லட்சம் கோடி டாலர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விண்வெளிக்குச் செலவழிப்பதால்தான் பூமிக்குப் பணமில்லை என்பதும் தவறான கணக்கு. நாசாவின் ஆண்டு ஒதுக்கீடு 2,500 கோடி டாலர் அளவு; 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி. நாசாவை மூடிவிட்டால் பூமி பிழைத்துவிடாது. பூமிக்கு என்ன ஆகிறது என்று நமக்குச் சொல்வதில் பெரும்பங்கு விண்வெளிக் கருவிகளுடையது. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள் இணை, பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்து, ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் தீர்ந்துபோனதைக் காட்டிக்கொடுத்தது. நாற்பத்தொரு மேட்டூர் அணைகள் கொள்ளும் தண்ணீர். செவ்வாய்க்கு ஆளில்லாக் கலங்கள் போவதும் எனக்கு மகிழ்ச்சியே. திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய மங்கள்யான், ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டு 2022 வரை உழைத்தது. அறிவதற்காகப் போவது வேறு, குடிபெயர்வதற்காகப் போவது வேறு.

பயோஸ்பியர் 2 இன்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் சொத்து. உள்ளே இருக்கும் மழைக்காட்டுக்குத் தண்ணீரை நிறுத்தி, வறட்சியில் மரங்கள் என்ன செய்கின்றன என்று அளக்கிறார்கள். கொட்டிய பணத்துக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

செவ்வாயா பூமியா என்ற கேள்வி தத்துவமாக மட்டும் இருந்தால் நான் இத்தனை எண்களை அடுக்கியிருக்க மாட்டேன். 2025 மே மாதம் அமெரிக்க வெள்ளை மாளிகை வெளியிட்ட 2026 நிதியாண்டு வரவுசெலவு முன்மொழிவில் இரண்டு வரிகள் இருந்தன. செவ்வாய் சார்ந்த மனிதப் பயணத் திட்டங்களுக்குப் புதிதாக 100 கோடி டாலர். புவி அறிவியலில் 116 கோடி டாலர் வெட்டு. முன்மொழிவுதான் அது, பணம் ஒதுக்கும் அதிகாரம் அந்நாட்டு காங்கிரஸுடையது. இருந்தாலும் அந்தத் தாளில் எது கூட்டலில் இருந்தது, எது கழித்தலில் இருந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. நிறுத்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டவற்றில் ஓ.சி.ஓ. 2, ஓ.சி.ஓ. 3 என்ற இரண்டு கருவிகளும் உண்டு. நான் மேலே சொன்ன அந்த நானூறு டன் கரியமில வாயுவை விண்ணிலிருந்து அளப்பவை அவை: எங்கே வெளியாகிறது, எந்தக் காடு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று. செய்து அனுப்பிய செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கருவிகள் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் நடத்த ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டாலர். செவ்வாயில் ஒரே ஒரு மனிதருக்கு ஓராண்டுச் சாப்பாடு இறக்கும் கூலியில் இவற்றைப் பத்து ஆண்டு ஓட்டலாம்.